தவசிமுத்துவின் சொந்தக் குரல்

"எங்கதையைக் கேக்க ஊர் ஊரா ஆள் இருக்காங்க. அதை வச்சு ஒரு மூட்டை அரிசி வாங்க முடியல. இது என்ன நியாயம்?"

மாடிப்படி ஏறிவந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே தவசிமுத்து கேட்டுவிட்டார்.

ஜெனிட்டா வரைந்துகொண்டிருந்த படத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"முதல்ல உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க."

உட்கார்ந்தார். குடித்தார். கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

தவசிமுத்து கோவில்பட்டிக்காரர். நாற்பதைத் தாண்டியவர். தீப்பெட்டிக் கம்பெனியில் பார்த்த சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு, போனில் கேட்கும் கதைகள் செய்கிறார். தானே எழுதுவார். ராஜா, திருடன், ஆட்டுக்குட்டி என்று எல்லாக் குரலும் தானே பேசுவார். வெள்ளிக்கிழமைதோறும் நெட்டில் ஏற்றுவார். இப்போது ஒரு தொடர் ஓடுகிறது. டவுன் பஸ் கண்டக்டரைக் காதலிக்கும் ஒரு பேயின் கதை.

ஜெனிட்டா தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவள். அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். படக்கதை வரைந்து போனிலேயே வெளியிடுகிறாள். அதில் வரும் பணத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. இந்தத் தொழிலில் தவிப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அவள் வீட்டு மாடிப்படி ஏறியிருக்கிறார்கள். தங்களுக்குள் அவளைக் 'குரு' என்பார்கள். பாதி கேலி, பாதி நிஜம்.

"நீங்கதான் வழி சொல்லணும், குருவே."

"குருவும் இல்ல, குருவியும் இல்ல. என்ன விஷயம்?"

"வீடு பேச்சிக்கனியோட தையல் மிஷின்ல ஓடுது. எம் பொஞ்சாதி. ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்ல. போன வாரம் மட்டும், 'அண்ணன்கிட்ட பேசி வைக்கட்டுமா?'ன்னு மெதுவா கேட்டா. அவ அண்ணன் சிமெண்ட் கடை வச்சிருக்காரு. கல்லாவுல உக்கார நம்பிக்கையான ஆள் தேடுதாரு. ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாரு."

"நல்ல வேலைதானே. போங்க."

"போனா அந்தப் பேய் என்ன ஆகும்?"

ஜெனிட்டா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கவலை புரிந்தது.

"சரி. கதை முடியுதுல்ல, அப்ப கேக்குறவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"வழக்கமா எல்லாரும் சொல்றதுதான், ராஜா குரல்ல. 'கதை பிடிச்சிருந்தா மறக்காம லைக் போடுங்க.'"

"போடுறாங்களா?"

"போடாம? ஆயிரக்கணக்குல போடுறாங்க."

"அப்ப நீங்க கேட்டதைக் கொடுத்துட்டாங்க."

தவசிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்காகக் காசா கேக்க முடியும்? கதை சொல்லிட்டுக் கையை நீட்டினா, பிச்சை எடுக்கிற மாதிரி இருக்காதா?"

ஜெனிட்டா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"மணியாச்சு. சாப்பிடலாம்" என்றாள்.

*

சாளை மீன் குழம்பு. புளியும் மிளகாயும் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருந்த குழம்பு. வெறுஞ்சோற்றோடு பிசைந்தாலே போதும் என்கிற ருசி. தவசிமுத்து பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை வேண்டாம் என்று கையைக் குறுக்கே நீட்டினார். ஆனால் கரண்டிக்கு இடம் விட்டுத்தான் நீட்டினார்.

கை கழுவிவிட்டு வந்தவர் திகைத்து நின்றார்.

தட்டு இருந்த இடத்தில், கடைகளில் வைத்திருப்பார்களே, போனைக் காட்டிப் பணம் செலுத்தும் அட்டை, அது ஒன்று நிமிர்ந்து நின்றது.

"என்ன தாயி இது?"

"சாப்பாட்டுக்குக் காசு."

விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. வீடு தேடி வந்த விருந்தாளி. சாப்பிட்ட கை இன்னும் காயவில்லை. காதுமடல் சூடாவது அவருக்கே தெரிந்தது.

"எவ்வளவு?"

"உங்களுக்கு எவ்வளவு தோணுதோ."

போனை எடுத்தார். ஒரு தொகையைத் தட்டினார். நாக்கில் குழம்பு இன்னும் நின்றது. அந்தத் தொகையை அழித்துவிட்டு, கொஞ்சம் கூட்டித் தட்டினார். பணம் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக அவள் போன் சிணுங்கியது.

"வருத்தமாண்ணே?"

தவசிமுத்து யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு. இப்ப இல்ல."

"பிச்சை போட்டீங்களா?"

"சேச்சே! என்ன பேச்சு இது? அந்தக் குழம்புக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

ஜெனிட்டா அட்டையை எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்தாள்.

"நாளைக்கும் மீன் வாங்கணும்ல" என்றாள்.

*

"உள் ரூம்ல சத்தம் இருக்காது. கேக்க வேண்டியதை இப்பவே போய்ப் பேசிப் பதிவு பண்ணுங்க" என்று அனுப்பினாள்.

கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஒரு கர்ஜனை கேட்டது. "பொதுமக்களே! பொற்காசுகளைக் கொண்டுவந்து கொட்டுங்கள்!"

ஜெனிட்டா கதவைத் தட்டினாள். "அது ராஜா பேசுறாரு."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிசுகிசுப்பு. "இருக்கிறதை மரியாதையா எடுத்து வைங்க."

"அது திருடன்."

அடுத்து, பால் கேட்கும் ஆட்டுக்குட்டியின் குரல். ஜெனிட்டா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்க குரல்ல சொல்லுங்கண்ணே."

கதவு திறந்தது. தவசிமுத்துவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

"எங்குரல் எதுன்னே தெரியல தாயி. அதுல இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

"இப்ப பேசுனீங்களே, அதான்."

மறுபடி கதவு சாத்தியது. இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிட்டார். போனை நீட்டினார். அவள் காதில் வைத்தாள்.

"மன்னிக்கணும். நான் தவசிமுத்து..."

அதோடு நிறுத்தினாள்.

"யாரை அடிச்சீங்க?"

"யாரையும் அடிக்கலையே?"

"அப்ப எதுக்கு மன்னிப்பு?"

மூன்றாவது முறை உள்ளே போனார். கடைசியில் பதிவானது இதுதான்:

"நான் தவசிமுத்து. இந்தக் கதையெல்லாம் சொல்றது நான்தான். இதையே வேலையா வச்சுக்கணும்னு எனக்கு ஆசை. கதை பிடிச்சிருந்தா கீழே இருக்கிற நம்பருக்கு உங்களால முடிஞ்சதைக் கொடுங்க. முடியலைன்னா பரவாயில்ல. வெள்ளிக்கிழமை வழக்கம்போல வாங்க."

அனுப்பும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். உடனே போனை அணைத்துப் பைக்குள் போட்டார். கோவில்பட்டி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அதைத் தொடவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் தன்னையே பார்ப்பதுபோல் ஒரு கூச்சம்.

பேச்சிக்கனி வாசலில் நின்றிருந்தாள். அவள் கையில் அவளுடைய போன்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். உங்க சொந்தக் குரலை இன்னைக்குத்தான் அதுல போட்டிருக்கீங்க."

"எப்படி இருக்கு?"

"ராஜாவைவிட நல்லாருக்கு."

அவர் போனை அவளே வாங்கி உயிர்ப்பித்தாள். கேட்டவர்களின் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. முதல் ஆள் திட்டியிருந்தார். 'உனக்கும் காசு ஆசை வந்துருச்சா?' தவசிமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. அதற்குக் கீழே ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். 'டியூட்டிக்குப் போற வழியெல்லாம் உங்க கதைதான். எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்.' அதற்கும் கீழே, பணம் அனுப்பிவிட்டதாக ஒருவர், ஒருவர், இன்னொருவர்.

பேச்சிக்கனி ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தாள். திட்டியவரை மட்டும் படிக்காமல் தாண்டினாள்.

ஒண்ணாம் தேதி சிமெண்ட் கடைக் கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்தார்.

*

மழைக்காலம் முடியும் சமயத்தில் தவசிமுத்து மறுபடி தூத்துக்குடிக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. சட்டை புதுசு. முகம் மட்டும் பழைய முகம்.

"இப்ப என்னண்ணே?"

"ஒண்ணாம் தேதி கல்லாவுல போய் உக்காந்திருந்தா எனக்கு ஒரு முதலாளி. இப்ப ஊரெல்லாம் முதலாளி."

"புரியலையே."

"காசு கொடுக்கிறவங்க எல்லாரும் கதை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பேய் அவ்வளவு சத்தமா சிரிக்கக் கூடாதுன்னு ஒருத்தர். கண்டக்டருக்கு மீசை வைக்கணும்னு ஒருத்தர். பஸ் எங்க தெரு வழியா போகட்டும்னு ஒருத்தர். எல்லாத்துக்கும் மேல எம் மச்சான்."

"சிமெண்ட் கடைக்காரரா?"

"அவரேதான். நான் வேலைக்கு வரலேன்னதும் கோவிச்சுக்குவாருன்னு பயந்தேன். அவரு என்னடான்னா கடையில உக்காந்து முதல்ல இருந்து அத்தனையும் கேட்டிருக்காரு. இப்ப மாசாமாசம் எல்லாரையும்விட அதிகமா அனுப்புறாரு. தினமும் போன் வேற. 'மாப்ளே, அந்தப் பேய்க்கும் கண்டக்டருக்கும் கல்யாணத்தை முடிச்சு வைங்க'ன்னு ஒரே பிடிவாதம்."

"கதையில அது நடக்குமா?"

"நடக்குமோ நடக்காதோ, அவரு சொல்லி நடக்கக் கூடாது. ஆனா எப்படிச் சொல்லுவேன்? காசும் கொடுக்காரு, பொண்ணும் கொடுத்த வீடு."

"மச்சானுக்குப் போன் போடுங்க" என்றாள் ஜெனிட்டா.

"போட்டு?"

அவள் அதற்குள் தன் படத்தின்மேல் குனிந்துவிட்டாள்.

தவசிமுத்து எழுந்தார். ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தார். எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். கையில் பிடித்திருக்கத் தைரியம் இல்லை.

"மாப்ளே!" மூட்டைகள் இறங்கும் சத்தத்துக்கு நடுவே மச்சானின் குரல் முழங்கியது. "தேதி குறிச்சாச்சா?"

"மச்சான், அது வந்து..."

தவசிமுத்து ஜெனிட்டாவைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"அந்தக் கல்யாணத்தை நீங்க சொல்லி நான் நடத்த முடியாது, மச்சான்."

அந்தப் பக்கம் மூட்டைச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் காசு அனுப்புதேன்ல?"

"அனுப்புதீங்க. அதனாலதான் என்னால கதை சொல்ல முடியுது. ஆனா சொல்றது நான்."

மூட்டைச் சத்தமும் நின்றுவிட்டது.

"பிடிக்கலைன்னா அனுப்புறதை நிறுத்திக்கிடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

சொல்லும்போது குரல் ஆடியது. ஆனாலும் அது ராஜாவும் இல்லை, திருடனும் இல்லை.

"நிறுத்தவா?" மச்சான் பதறினார். "நிறுத்திட்டு? நாள் பூரா சிமெண்ட் தூசியைப் பார்த்துக்கிட்டு உக்காரவா? என்ன மாப்ளே, ஒரு பேச்சு சொல்லக் கூடாதா?"

"நல்லா சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்."

"கேட்டுக்கிட்டு?"

"கேட்டுக்கிடுதேன். அவ்வளவுதான்."

போன் அதிர்ந்தது. மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். கடையில் இருந்தவர்களிடம் "மசிய மாட்டேங்காருய்யா" என்று சொல்வதும் கேட்டது.

"சரி மாப்ளே. அடுத்த கதையாவது கொஞ்சம் சீக்கிரமா போடுங்க. கடை திறக்க முன்னாடி கேட்டுருவேன்."

"வழக்கமான நேரத்துக்குத்தான் வரும், மச்சான்."

"வீம்பு பிடிச்ச ஆளு!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தவசிமுத்து தரையிலிருந்து போனை எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு மலையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

"நான் வாரேன் தாயி."

வாசலுக்குப் போனவரின் பின்னால் பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அண்ணே."

"ம்?"

"அந்தக் கண்டக்டருக்கு அவ பேய்ங்கிற உண்மை இந்த வாரம் தெரிஞ்சிருமா?"

தவசிமுத்து திரும்பினார்.

"நீங்களும் கேக்குதீங்களா?"

"காசு கொடுத்து."

"எப்ப இருந்து?"

"நீங்க பதிவு பண்ணிட்டு உள் ரூம்ல இருந்து வந்து, கண்ணை மூடிக்கிட்டு அனுப்புனீங்கள்ல. கண்ணைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கொடுத்துட்டேன்."

செருப்புக்குள் நுழைத்த காலை அவர் வெளியே எடுத்தார்.

ஜெனிட்டா எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். படக்கதைக்காரி முகம் போய், பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் வந்திருந்தது.

"எனக்கு மட்டும் சொல்லுங்கண்ணே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவனுக்குத் தெரிஞ்சா பயந்துருவானா? அவளை பஸ்ஸை விட்டு இறக்கிருவானா?"

தவசிமுத்து குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படிகளாகத் தாண்டி இறங்கிப் போனார்.