நனையாத தலை

திருநெடுங்கரைச் சிவன் கோயிலின் முடிக்கொட்டகையில் மொட்டையடிப்பது மாசிலாமணியாரின் தொழில். பலகையில் வந்தமரும் ஒவ்வொரு தலையையும் சிவன் தலையென்றே எண்ணுவார். நீர் வார்த்து, "சிவாய நம" என்று முணுமுணுத்தபடி உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, மயிர்க்கால் இளகிய பிறகுதான் கத்தியைத் தொடுவார்.

பக்கத்துப் பலகை நடேசன் வேறு மாதிரி. ஒரு கை நீர், நாலு இழுப்பு, முடிந்தது.

"குழந்தை வீறிடுது, தாய்க்காரி வெயில்ல நிக்கிறா. சட்டுனு விடுறதுதான் புண்ணியம். நீங்க தலைக்கு அபிஷேகமுல்ல பண்றீங்க அண்ணே!" என்று சிரிப்பான். அதிலும் இரக்கம் உண்டென்று மாசிலாமணியார் அறிவார். ஆனால் அவர் கை அப்படிப் போகாது.

குளம் வற்றிய ஒரு சித்திரையில், சடைமுடிக் கிழவர் ஒருவர் அவர் பலகையில் வந்தமர்ந்தார். மாசிலாமணியார் ஒரு செம்பு நீர் வார்த்தார். ஒரு சொட்டும் கீழே விழவில்லை. குடமே காலியாயிற்று, முடி காய்ந்தே இருந்தது. உச்சிவெயிலிலும் அந்தத் தலை குளிர்ந்து கிடந்தது. உள்ளங்கையை வைத்தார். எலும்புக்கு அடியில், வெகு தொலைவில், வெள்ளம் புரளும் ஓசை.

ஆனாலும் கையை எடுக்கவில்லை.

கொட்டகையைக் கவனிக்கும் மணியக்காரர் வந்து நின்றார். "தண்ணிப் பஞ்சத்துல இது என்னய்யா கூத்து? வறட்டுல இழும். இல்லேன்னா பலகையை நடேசங்கிட்டக் குடுத்துட்டு நடையைக் கட்டும்."

அந்தப் பலகைதான் அவருக்குச் சோறு. பூசையும் அதுதான்.

"எரியுமுங்க. என்னால ஆகாது," என்றார் மாசிலாமணியார். தாம் குடிக்க வைத்திருந்த நீரையும் அந்த உச்சியில் வார்த்துவிட்டு, கத்தியை மடித்து வைத்து எழுந்தார்.

நடேசன் வந்து கிழவர் தலையில் கை வைத்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அண்ணே... உள்ள ஆறு ஓடுது."

கிழவர் முதன்முறையாக வாய் திறந்தார். "இப்பத்தான் நனைஞ்சுது."

சடையிலிருந்து நீர் இறங்கியது. கொட்டகையை நனைத்து, படிகளில் வழிந்து, வற்றிய குளத்துக்குள் ஓடியது. பலகையில் யாருமில்லை. கிழவரின் நிழல் மட்டும் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

கருவறையிலிருந்து குருக்கள் ஓடிவந்தார். லிங்கத்தின் உச்சியில் ஈரமான உள்ளங்கைத் தடம் ஒன்று, துடைக்கத் துடைக்க ஊறுகிறதாம். அது யாருடைய கையென்று அளந்து பார்க்க எவருக்கும் துணிவில்லை. மணியக்காரர் பலகையைத் தம் துண்டாலேயே துடைத்து, "உக்காருங்க ஐயா," என்றார்.

வரிசையில் அடுத்த தலை காத்திருந்தது. மாசிலாமணியார் செம்பை எடுத்தார்.

நோகாமல் தொடத் தெரிந்த அந்தக் கைகளைத் தொழுவோம்.