குரங்கார் எழுதிய பலகை

மேகப்பாறைக் குகையில் காட்டு விலங்குகள் மழைக்காலத்துக்கு உணவு சேர்த்து வைத்திருந்தன. பங்கு உள்ள எவரும் மரக்கதவைத் திறக்கலாம் என்று சபை அனுமதி தந்திருந்தது. திறக்கும் முறையைப் பலகையில் எழுதி மாட்டியது குரங்கார். தன் எழுத்தின் மேல் அதற்கு அபார நம்பிக்கை.

மூன்று நாள் அடைமழை பெய்தது. முள்ளம்பன்றியின் இரண்டு குட்டிகளும் பசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தன. தன் பங்குக் கிழங்கை எடுக்கத் தாய் ஓடி வந்து பலகையைப் படித்தது.

"கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கவும். வாலை வளையத்தில் சுற்றி மேலே இழுக்கவும். மற்ற விலங்குகளும் மேற்படியே செய்யவும்."

முள்ளம்பன்றி திரும்பி நின்றது. அதன் குட்டை வால் வளையத்துக்கு எட்டவே இல்லை.

"கதவு திறக்கலையே அண்ணே" என்று மரத்திலிருந்த குரங்கைக் கேட்டது.

"அப்ப உனக்கு அனுமதி இருக்காது. சபையில போய்க் கேளு" என்றது குரங்கு, எட்டிக்கூடப் பார்க்காமல்.

பாவம், மழையில் ஓடை தாண்டிப் போனது முள்ளம்பன்றி. சபைத் தலைவர் யானை தும்பிக்கையால் தலையில் அடித்துக்கொண்டது.

"உனக்கு அனுமதி போன மாசமே குடுத்தாச்சேம்மா!"

திரும்பி வந்த முள்ளம்பன்றி, பலகையில் உள்ளபடியே இன்னும் பின்னால் நகர்ந்து ஒரே அழுத்தாக அழுத்தியது. முட்களெல்லாம் கதவில் குத்திக்கொண்டன. இப்போது அசையவும் முடியவில்லை.

"பிள்ளைங்க பட்டினியாக் கிடக்குதே" என்று அது கதறியதைக் கேட்டுக் குரங்கு இறங்கி வந்தது. பலகையைப் பார்த்தது. முள்ளம்பன்றியின் வாலை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தது.

"எழுதும்போது என் வால்தான் என் கண்ணுல இருந்தது தங்கச்சி" என்று முனகியபடி அதை மெல்ல விடுவித்தது. "வளையம் மேல ஏறினாப் போதும். எதால தூக்கினாலும் திறக்கும்."

"அதையே எழுதியிருக்கலாமே அண்ணே" என்ற முள்ளம்பன்றி, மூக்கை வளையத்துக்குள் விட்டு நெம்பியது. கதவு திறந்தது. அப்பாடா!

சற்று நேரத்தில் குட்டிகள் கிழங்கை நறுக் நறுக்கென்று கடித்தன. தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரங்கு பழைய எழுத்தை அழித்துவிட்டு, "வாலோ, மூக்கோ, அலகோ, எதனாலாவது வளையத்தை மேலே தூக்கவும்" என்று எழுதியது. மாட்டுவதற்கு முன் ஒரு கொக்கை அழைத்துத் திறந்து பார்க்கவும் சொன்னது.

எல்லோருக்கும் என்று எழுதுகிறவர், தன்னைப் போல் இல்லாத ஒருவரைக் கொண்டு அதைச் செய்து பார்த்த பிறகே எழுதி முடித்ததாக நினைக்க வேண்டும்.