பூட்டுப் போட்ட டீசல் டேங்க்

ஒட்டன்சத்திரத்துத் தக்காளி மண்டி முதலாளி சொக்கலிங்கத்திடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. டிரைவர் சவரிமுத்து டீசலைத் திருடிவிடுவான் என்று டேங்க் மூடியைச் சுற்றிலும் ரப்பர் வைத்து இறுக்கிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார் அவர்.

அன்றிலிருந்து வண்டி அரைமணி நேரம் ஓடும், பிறகு டீசல் பிரஷர் இறங்கி நின்றுவிடும். டீசல் பம்பை மாற்றியும் சரியாகவில்லை.

ஒருநாள் முதலாளியும் கூட வந்தபோது நடுரோட்டில் நின்றது. "எல்லாம் நீ ஓட்டுற லட்சணம்! ஸ்பானரைத் தொடாம இப்பவே கிளப்பு. இல்லேன்னா வேலைய விட்டுப் போயிடு" என்றார் முதலாளி.

சவரிமுத்து தலையைச் சொறிந்தான். "டீசலை யாரோ எடுத்துட்டாங்களோன்னு சந்தேகமா இருக்கு முதலாளி."

முதலாளி பதறி இறங்கி மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. டீசல் முக்கால் டேங்க் இருந்தது. சவரிமுத்து ஸ்டார்ட் செய்தான். வண்டி கொஞ்சம் முக்கிவிட்டுக் கிளம்பியது.

"என்னடா செஞ்ச?"

"நீங்கதான் செஞ்சீங்க முதலாளி. காத்து உள்ளே போனாத்தானே டீசல் வெளியே வரும்? என்னைத் திருடன்னு நினைச்சு நீங்க போட்ட பூட்டு, பம்பையும் திருடன்னு நினைச்சுக்கிச்சு."

மண்டி வரைக்கும் முதலாளி மூடியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.