தலைவரைக் கேலி செய்த தவளை

ஒரு காட்டுக் குளக்கரையில் மூன்றே பேர் கொண்ட கூத்துக்குழு இருந்தது. மைனா பொன்னலகி பாடுவாள். முள்ளம்பன்றி முள்ளன் முதுகு முட்களைக் குலுக்கித் தாளம் போடுவான். தவளை தொந்தன்தான் கோமாளி.

அவர்கள் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும் தொந்தன் முன்னால் வந்து, "இன்று யாரைக் கேலி செய்யட்டும்?" என்று கேட்பான். கூட்டம் யார் பெயரைச் சொன்னாலும் அவரைப் போலவே நடித்துக் காட்டுவான். சிரித்து முடித்தவர்கள் ஆளுக்கொரு பழமோ கிழங்கோ வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் குளம் பாதி வற்றியது. மிச்சத் தண்ணீர் யாருக்கு என்று வடகரைப் பன்றிகளும் தென்கரை நரிகளும் மோதிக்கொண்டன. கூத்துப் பார்க்க யாரும் வரவில்லை. குழு மூன்று நாள் பட்டினி கிடந்தது.

நான்காம் நாள் நரித் தலைவர் செவ்வாலன் வந்தார்.

"மழை வரும்வரை உங்கள் சாப்பாடு என் பொறுப்பு. தினமும் தென்கரையில் ஆடுங்கள். கேலி மட்டும் பன்றிகளைப் பற்றியே இருக்கட்டும்."

"கூட்டம் வேறு பெயர் சொன்னால், ஐயா?" என்றான் தொந்தன்.

"சொல்லாது."

அவர் போனதும் தொந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அக்கா, நான் கோமாளியா, அவருக்குக் கொட்டு அடிக்கிறவனா?"

"வயிறு காய்ந்தால் நீ இரண்டும் இல்லை. வெறும் தவளை," என்றான் முள்ளன்.

பொன்னலகி வற்றிய குளத்தைப் பார்த்தபடி யோசித்தாள். பிறகு, "குழு பிழைக்க வேண்டும். ஒத்துக்கொள்வோம்," என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

முதல் நாள் தொந்தன் பன்றியைப் போல உறுமினான். நரிகள் உருண்டு புரண்டு சிரித்தன. இரண்டாம் நாள் புன்னகைத்தன. மூன்றாம் நாள் தூங்கின. "பன்றியைத் திட்ட நமக்குத் தெரியாதா? வீட்டில் அதைத்தானே செய்கிறோம்," என்று ஒரு நரி எழுந்து போனது.

ஐந்தாம் நாள் தொந்தன் வழக்கம்போலக் கேட்டான். "இன்று யாரைக் கேலி செய்யட்டும்?"

"பன்றித் தலைவனை," என்றார் முன்வரிசையில் இருந்த செவ்வாலன்.

பின்னால் இருந்த ஒரு பெண் நரி கொட்டாவி விட்டது. "இன்றைக்கும் பன்றிதானா? நம்ம தலைவரைச் செய்யப்பா!"

எல்லாத் தலைகளும் செவ்வாலன் பக்கம் திரும்பின. பிறகு இன்னொரு மூலையிலிருந்து குரல் வந்தது. "ஆமாம், தலைவரைச் செய்."

தொந்தன் பொன்னலகியைப் பார்த்தான்.

"அக்கா, நாளைக்குச் சாப்பாடு..." என்று முணுமுணுத்தான் முள்ளன்.

பொன்னலகி கூட்டத்தைப் பார்த்தாள். தூங்கி வழிந்த முகங்களெல்லாம் நிமிர்ந்திருந்தன. இத்தனை நாளும் செவ்வாலன் ஒருவரின் முகத்தையே பார்த்துப் பாடியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வழக்கப்படி செய், தம்பி," என்றாள்.

தொந்தன் ஒரு கோரைப்பூவைப் பிடுங்கி வாலாகக் கட்டிக்கொண்டான். மார்பை உப்பினான். "முன்னேறுங்கள், வீரர்களே!" என்று கத்திவிட்டு ஓரடி பின்னால் குதித்தான். மறுபடி கத்தினான். மறுபடி பின்னால் குதித்தான். ஏழாவது முறை கத்தியபோது தொபுக்கென்று குளத்துக்குள் விழுந்தான்.

நரிகள் ஊளையிட்டுச் சிரித்தன. வடகரையில் பன்றிகள் காதை நிமிர்த்தின.

செவ்வாலன் அந்த இடத்திலேயே தவளையைக் கடித்துக் குதறியிருப்பார். ஆனால் சுற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தது அவருடைய படைதான். "இனி ஒரு பழம்கூடக் கிடையாது!" என்று எழுந்து நடந்தார். ஒருவரும் அவர் பின்னால் போகவில்லை.

மறுநாள் காலை குழு தங்கியிருந்த புதரடியில் நண்டும் இலந்தைப்பழமும் கிடந்தன. நரிகள் ஒவ்வொன்றாக வந்து வைத்துவிட்டுப் போயிருந்தன. மத்தியானம் ஒரு பன்றி பாதிக் குளம்வரை நடந்து வந்து நின்றது.

"நரிகளுக்கு மட்டும்தான் ஆடுவீர்களா? எங்கள் தலைவரையும் ஒரு நாள் செய்யுங்கள். கிழங்கு தருகிறோம்."

"நாளைக்கே வருகிறோம்," என்றாள் பொன்னலகி. இந்த முறை அவள் யோசிக்கவில்லை.

தண்ணீர்ச் சண்டை மழை வரும்வரை ஓயவில்லை. ஆனாலும் குழு ஒரு நாள் இந்தக் கரை, ஒரு நாள் அந்தக் கரை என்று ஆடியது. அவர்களை யாரும் தொடவில்லை.

சோறு போடும் ஒருவருக்காக மட்டும் ஆடும் கலை பார்ப்பவர்களை இழக்கும். பார்ப்பவர்களை நம்பி ஆடும் கலையை அவர்களே காப்பாற்றுவார்கள்.