மூடியைப் பிடித்தவள்

வேதமுத்து மாஸ்டர் வீட்டுக்குள் ஜாய்ஸ் வந்தபோது அவள் கையில் பென்சில் இருந்தது. உட்கார்ந்தாள், நாற்காலிக் கையில் தட்டினாள். எழுந்து ஜன்னல் பக்கம் போனாள், அங்கேயும் தட்டினாள். பாளையங்கோட்டையில் அவளிடம் பியானோ படித்த அத்தனை பேருக்கும் அந்தப் பென்சிலைத் தெரியும். அவள் வீட்டுப் பியானோவின் வலது ஓரத்தில் கையகலத்துக்குப் பாலிஷ் போனது, அவர்கள் வாசிக்கும்போதெல்லாம் அவள் அதனால் தாளம் தட்டித்தான்.

அவளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். இப்போது அவளும் கற்றுக்கொடுக்கிறாள். அது இன்னும் எத்தனை நாளைக்கு நடக்கும் என்பதுதான் அவளை உட்காரவிடாத கவலை.

"சனிக்கிழமை பரீட்சை, மாஸ்டர்."

"தெரியும்."

"போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா வகுப்பை இழுத்து மூடிர வேண்டியதுதான்."

போன வருஷம் முதல் கிரேடு பரீட்சைக்கு அவள் அனுப்பியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பாதிப் பாட்டில் நின்றுவிட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிக்கக்கூடிய பாட்டுகள். பரீட்சை அறையில் தேர்வாளர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தாராம். பிள்ளைகள் வாசிப்பை விட்டுவிட்டு, மூடிய கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். பெற்றவர்கள் சண்டை போடவில்லை, அடுத்த மாதமே வேறு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.

மிஞ்சியது கோமதி மட்டும்தான். மருந்துக்கடை நடத்துகிறவள், ஜாய்ஸைவிட மூத்தவள், காலேஜ் போகிற மகள் இருக்கிறாள். பால்பல் விழாத பிள்ளைகளோடு வரிசையில் காத்திருந்து, உள்ளே போய், அவளும் நின்றுவிட்டுத்தான் வந்திருந்தாள். "இந்தத் தடவையும் நின்னுட்டேன்னா எனக்குப் பியானோவே வேண்டாம் மிஸ்" என்று கடை கவுண்டரில் நின்றபடி அவள் சொன்னதை ஜாய்ஸால் மறக்க முடியவில்லை.

"எங்கிட்ட நல்லா வாசிக்காங்க. அங்க போய் நின்னுருதாங்க. ஏன் மாஸ்டர்?"

மாஸ்டர் பென்சிலைப் பார்த்தார்.

"நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

மாஸ்டர் வீட்டில் இருப்பது பழைய கிராண்ட் பியானோ. அதன் பெரிய மூடியைத் தூக்கி, அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நிறுத்த வேண்டும். மறுநாள் மாலை இருவரும் போனபோது அந்தக் கட்டை அதன் இடத்தில் இல்லை.

"கட்டை இல்ல. நீங்க பிடிச்சுக்கிடுங்க, ஜாய்ஸ்."

"திறக்காம இருந்தா என்ன மாஸ்டர்? முதல் கிரேடு பாட்டுதானே."

"திறந்தாத்தான் கேக்கும்."

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"அவங்க முடிக்கிற வரைக்கும். ரெண்டு கையும் வேணும், கனம் ஜாஸ்தி."

மாஸ்டர் கையை நீட்டினார். ஜாய்ஸ் பென்சிலைக் கொடுத்துவிட்டு, பியானோவின் பக்கவாட்டில் போய் மூடியைத் தூக்கிப் பிடித்தாள். போலீஸிடம் அகப்பட்டவள் போலத்தான் இருந்தது அவள் நின்ற கோலம். கோமதிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"தாலாட்டை வாசிங்க" என்றார் மாஸ்டர்.

போன வருஷம் கோமதி நின்றுபோனது அந்தத் தாலாட்டில்தான். விரல்களைச் சுரக்கட்டைகளின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"ஒண்ணு, ரெண்..."

"ஜாய்ஸ், மூடி சாயுது."

மூடி சாயவில்லை. ஆனாலும் ஜாய்ஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டு இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

கோமதி காத்திருந்தாள். ஜாய்ஸைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். இரண்டு பேரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், அவளாகவே தொடங்கினாள்.

மெதுவாக வாசித்தாள். ரொம்ப மெதுவாக. ஜாய்ஸுக்கு உடம்பெல்லாம் பதைத்தது. அவளை அறியாமல் கால் பெருவிரல் தரையில் தாளம் போட ஆரம்பித்தது.

"கால்" என்றார் மாஸ்டர்.

பெருவிரல் நின்றது.

பாட்டின் நடுவில் இடது கை இடம் மாறிக் கீழே போக வேண்டும். அந்த இடம் வந்ததும் "கீழ ஜி, அக்கா" என்று சுரத்தின் பெயரை ஜாய்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவாள். அது இல்லாமல் கோமதி அந்த இடத்தைத் தாண்டியதே கிடையாது. இப்போதும் அங்கே வந்து நின்றாள். இடது கை அந்தரத்தில் இருந்தது.

ஜாய்ஸுக்குத் தோள் எரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு எழுத்து. மூடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து வைக்கலாமா என்று இருந்தது. மாஸ்டர் மேல் நிஜமாகவே கோபம் வந்தது.

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி தன் இடது கையைப் பார்த்தாள். ஒரு சுரக்கட்டையை லேசாகத் தொட்டாள், தப்பு. தலையை ஆட்டிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் கீழே போய்த் தொட்டாள். அதுதான். முதலிலிருந்து ஆரம்பிக்காமல், விட்ட இடத்திலிருந்தே எடுத்து, கடைசி வரை வாசித்தாள்.

ஒரு பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வைத்தவள் வாசிக்கிற தாலாட்டு அது. ரயிலுக்கு ஓடுகிற வேகத்தில் அல்லவா இதை ஒரு வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்தோம் என்று ஜாய்ஸுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, கண் கலங்கிவிட்டது.

"நடுவுல நின்னுட்டேன், மிஸ்" என்றாள் கோமதி.

"பெறகு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பெறகு வந்துட்டு."



மூடியை மெல்ல இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறிய ஜாய்ஸ் அப்போதுதான் கவனித்தாள். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டை கொடுத்திருந்தது. பியானோவின் கட்டை. கீறல்கூட இல்லை. பக்கத்தில் ஒரு சாஸரில் அதன் திருகாணிகள் கிடந்தன.

"கட்டை நல்லாத்தானே இருக்கு, மாஸ்டர்."

"நல்லாத்தான் இருக்கு."

"எப்ப மாட்டுவீங்க?"

"சனிக்கிழமை."

சனிக்கிழமை வரை தினமும் மாலையில் ஜாய்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் கோமதி அதே இடத்தில் நின்றாள், தினமும் தானாகவே தாண்டினாள். தோள்வலிக்குக் கோமதியே கடையிலிருந்து தைலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

பரீட்சை நாள் வந்தது. ஆசிரியர்கள் உள்ளே போகக் கூடாது. வராந்தாவில் பெற்றோர்களும் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். போன வருஷம் ஜாய்ஸை விட்டுப்போன ஒரு அம்மாவும் எதிர் பெஞ்சில் இருந்தாள். மாஸ்டரும் வந்து ஜாய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். கோமதி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

முதல் பாட்டு முடிந்தது. தாலாட்டு தொடங்கியது.

நடுவில் நின்றது.

எதிர் பெஞ்சு அம்மா நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே சத்தமே இல்லை. ஜாய்ஸ் எழுந்துவிட்டாள்.

"நின்னுட்டாங்க மாஸ்டர். நான் இப்ப என்ன செய்ய?"

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் உள்ளே ஒரு சுரம் தயங்கிக் கேட்டது, பிறகு அதற்குக் கீழே இன்னொன்று. தாலாட்டு விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது. முன்னைவிட மெதுவாக, யாருக்காகவும் அவசரப்படாமல் போனது.

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் ஜாய்ஸையே பார்த்தார்கள். அவளுடைய இரண்டு கைகளும் தலைக்கு மேல் உயர்ந்து, இல்லாத ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு அது தெரியவில்லை.

மாஸ்டர் அவள் சேலை ஓரத்தை லேசாக இழுத்தார்.

"கையை இறக்குங்கம்மா. உள்ள இருக்க பியானோவுக்குக் கட்டை இருக்கு."