கிண்ணத்தில் அளந்த துக்கம்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை இளவழுதி என்ற ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் தோன்றியதைத் தோன்றிய நிமிஷமே செய்துவிடுவான். அவனுடைய ராணி காய்ச்சலில் செத்துப்போனாள்.

காரியம் முடிந்த மறுநாள் சபையில் கேட்டான்: "துக்கம் என்றால் என்ன? யாருக்கு அது நிஜமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாகணும்."

மந்திரி ஆதனார் வாய் திறப்பதற்குள், சபையில் இருந்த திருமேனியார் முந்திக்கொண்டார். ராஜா காதுக்கு இனிப்பாகப் பேசுவதுதான் அவருக்குப் பிழைப்பு.

"துக்கம் என்றால் கண்ணீர், மன்னா. ஆளுக்கொரு கிண்ணம் கொடுங்கள். அளந்துவிடலாம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் ராணியின் படத்துக்கு முன்னால், ராஜா பார்க்க, எல்லோரும் தாடைக்குக் கீழே கிண்ணம் பிடித்து அழுதார்கள். திருமேனியாரின் கிண்ணம்தான் முதலில் நிரம்பும். ராணியின் பணிப்பெண் வஞ்சியின் கிண்ணம் மட்டும் காய்ந்தே கிடந்தது.

பத்தாம் நாள் ராஜா கத்தினான்: "கல்நெஞ்சுக்காரி! நாளை சாயங்காலம் இவள் தலையை எடுங்கள்."

"ஏம்மா, ரெண்டு சொட்டு விடக்கூடாதா?" என்றார் ஆதனார்.

"வரலைங்க ஐயா."

ஆதனார் ராஜாவிடம் திரும்பினார். "மன்னா, நாளைக்குக் கிண்ணம் வேண்டாம். வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னால் என்னோடு உட்காருங்கள்." இதை மட்டும் காதோடு சொன்னார்.

"என்ன ரகசியம்? மந்திரியார் கிண்ணம் நிரம்பலையோ?" என்றார் திருமேனியார்.

"என் கிண்ணம் கிடக்கட்டும். பத்து நாளாகக் குழம்பில் வெங்காயமே காணோமே, எங்கே போச்சு?"

மறுநாள் ஒருத்தரும் அழவில்லை. படத்து மாலை வாடிக் கிடந்தது. அதன் எதிரிலேயே திருமேனியார் தாயம் உருட்டினார். "அப்பாடா, இன்னைக்குக் கண்ணெரிச்சல் இல்லை!"

அப்போது வஞ்சி வெந்நீர்ப் பானையோடு வந்தாள். பக்கத்தில் ராணி குளிக்கும் இடத்தில் வைத்தாள். கை விட்டுச் சூடு பார்த்தாள். துண்டைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் ஆறியதும் கீழே கொட்டிவிட்டுப் போனாள். கண்ணில் ஈரமே இல்லை.

"தினமும் இப்படியா?" என்றான் ராஜா.

"தினமும்தான்."

"அப்போ நான் கிண்ணத்தில் அளந்தது?"

"பயம், மன்னா. நீங்கள் எதிரில் இருந்தால் வருகிறது, போனால் நின்றுவிடுகிறது. அதற்குத் துக்கம் என்று பேர் வைத்துவிட்டோம்."

ராஜா திரையை விலக்கினான். திருமேனியார் கையிலிருந்த தாயக்கட்டை தரையில் உருண்டது.

"வஞ்சியை யாரும் தொடக்கூடாது. திருமேனியாரே, நாளையிலிருந்து வெந்நீருக்கு நீர்தான் விறகு சுமக்கிறீர். அழக்கூடாது."

பிறகு மெதுவாகக் கேட்டான்: "துக்கம் என்றால் என்னதான், ஆதனாரே?"

"எனக்கும் தெரியாது, மன்னா. தெரியாததை அளந்து ஒருத்தி தலையை எடுக்கக்கூடாது. அது தெரியும்."

ராஜா மடியிலிருந்து தன் கிண்ணத்தை எடுத்தான். காய்ந்திருந்தது. "எனக்கும் ஒரு சொட்டு வரலை. எனக்குத் துக்கமே இல்லையோ என்று பயந்துதான் அன்றைக்குச் சபையில் கேட்டேன்."

மறுநாள் வஞ்சி வெந்நீர் கொண்டுவந்தபோது, துண்டைப் பிடித்துக்கொண்டு ராஜா நின்றிருந்தான். தண்ணீர் ஆறியதும் இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கீழே கொட்டினார்கள்.