பாறையில் படுத்த பச்சோந்தி

தாமரைக் குளத்தின் கரையில் ஒரு பெண் பச்சோந்தி இருந்தாள். பெயர் அரளி. கரையோரம் ஒரு வெள்ளைப் பாறை. அதில் படம் வரைவதுதான் அவளுக்கு வேலை, பொழுதுபோக்கு, சண்டைக்குக் காரணம், எல்லாம்.

இலையைக் கசக்கினால் பச்சை. ஆவாரம்பூவை நசுக்கினால் மஞ்சள். நாவல்பழத்தைப் பிழிந்தால் ஊதா. பட்டமரத்துக் கரியை உரசினால் கறுப்பு. தூரிகை தேடி அலைய வேண்டியதில்லை. எட்டி நின்றபடியே நாக்கை நீட்டித் தொட்டுத் தீட்டிவிடுவாள். அரளிக்கு நாக்கு நீளம் என்று குளத்தில் எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது படம் வரைவதைப் பற்றி அல்ல.

அந்தப் பாறைமேல் கலாபன் என்ற மயிலுக்குக் கண்.

"பாறையைக் காலி பண்ணு, அரளி. இந்த மழைக்கு என் ஆட்டம் இங்கேதான்."

"என் படமெல்லாம்?"

"அழித்துவிடு. அழகு வேண்டுமென்றால் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும். நீ எதற்கு மெனக்கெடுகிறாய்?"

அரளிக்குச் சுருக்கென்றது. "தோகையை நீயா வரைந்தாய்? வயது வந்ததும் தானாக முளைத்தது. அதற்கு உன்னைப் பாராட்டுவதும், எருமைக்குக் கொம்பு முளைத்ததற்குப் பொன்னாடை போர்த்துவதும் ஒன்றுதான்."

தண்ணீருக்குள் கிடந்த எருமை செம்பாயி ஒரு கண்ணைத் திறந்தாள். "என்னை ஏன்டி இழுக்கிறாய்? நான் பாட்டுக்குக் கிடக்கிறேன்."

"பார்த்தாயா, பச்சோந்திப் புத்தியைக் காட்டிவிட்டாய்" என்றது மயில்.

அவ்வளவுதான். பச்சை இலைமேல் உட்கார்ந்திருந்த அரளி மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்தாள்.

"மேகம் கறுத்தால் நீ விரிக்கிறாய். வெயில் அடித்தால் மூடுகிறாய். நீ மாறினால் அதற்குப் பெயர் நடனம். நான் மாறினால் துரோகமா? எந்த ஊர் நியாயம் இது?"

வழக்கு மண்டூகனாரிடம் போனது. மண்டூகனார் ஒரு தவளை. குளத்துக்கு அவர்தான் கவிஞர். தீர்ப்புச் சொல்ல வேறு யாரும் வராததால் நீதிபதியும் அவரே. அவருடைய எந்தப் பாட்டை எடுத்தாலும் மழையில் தொடங்கி மழையிலேயே முடியும். அதனால் மயிலுக்கு அவர் ரொம்ப வேண்டியவர்.

"நல்ல ஓவியருக்குத்தான் பாறை" என்றார் மண்டூகனார். "நீ நல்ல ஓவியரா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னையே வரைந்து காட்டுகிறேன்" என்றாள் அரளி. "நாளைக்குப் பொழுது சாயும்போது எல்லாரும் வாருங்கள். பார்த்தவுடன் யார் என்று அத்தனை பேரும் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் பாறை மயிலுக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிக்க நிறைய இடம் இருந்தது.

"உன்னை யார் இதைச் சொல்லச் சொன்னது?" என்றாள் செம்பாயி. "ஒரு தாமரையை வரைகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாமே."

"தாமரையை எல்லாரும்தான் வரைவார்கள், அக்கா."

மறுநாள் காலை அரளி குளத்தில் முகம் பார்த்தாள். பச்சையாக இருந்தாள். பாறையில் பச்சையைத் தீட்டினாள். நன்றாகத்தான் வந்தது. கண்ணைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் வேண்டுமே என்று ஆவாரம்பூச் சாற்றுப் பக்கம் நகர்ந்தாள். மறுபடி தண்ணீரைப் பார்த்தால், தலையிலிருந்து வால்வரை மஞ்சள்.

"அட கடவுளே, படம் தப்பாகிவிட்டதே."

பச்சைமேல் மஞ்சளைப் பூசினாள். நாவல் சாற்றைத் தொட்டாள். ஊதா ஆனாள். மஞ்சள்மேல் ஊதாவைப் பூசினாள். கரியை எடுத்தாள். அண்டங்காக்கை ஆனாள்.

"கண்ணை மூடிக்கொண்டு வரையேன்" என்று யோசனை சொன்னாள் செம்பாயி.

அரளி கண்ணை மூடிக்கொண்டு நாக்கை வீசினாள். செம்பாயியின் மூக்கு மஞ்சளானது.

"எனக்கு எதற்கு வாய்?" என்று செம்பாயி தண்ணீருக்குள் முங்கிவிட்டாள்.

உச்சி வெயிலுக்குள் பாறை, பந்தி முடிந்த இலை மாதிரி ஆகிவிட்டது. அத்தனை நிறமும் இருந்தது. அரளி மட்டும் இல்லை. தன் முகமே தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. வரைய ஒரு பாறைகூட இல்லாமல் இனி எந்தக் கிளையில் போய் உட்கார்ந்து என்ன செய்வது? கொஞ்சம் யோசிக்கலாம் என்று ஈர வண்ணத்தின் நடுவிலேயே படுத்தாள். படுத்தவள் தூங்கிவிட்டாள்.

மழைக்குக் கரையக்கூடாது என்று வண்ணத்தில் அவள் வேப்பம்பிசின் கலந்திருந்தாள். பிசின் வெயிலில் மெல்ல இறுகியது. தூங்கத் தூங்க அவள் முதுகிலும் பாறையின் அத்தனை நிறமும் திட்டுத் திட்டாக ஏறிவிட்டது.

பொழுது சாய்ந்தது. மயில் வந்தது, மண்டூகனார் வந்தார், முயலும் அணிலும் நாரையும் வந்து கரையில் நின்றன.

"ஐயோ, அசல் அரளி மாதிரியே இருக்கிறதே" என்று மயில் வாய்தவறிச் சொல்லிவிட்டது.

அந்தச் சத்தத்தில் அரளி விழித்துக்கொண்டாள். தன்னைத்தான் படம் என்று நினைக்கிறார்கள் என்பது புரிந்தது. அசையாமல் கிடந்தால் போதும், பாறை அவளுக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கண் உருள்கிற மாதிரி இருக்கிறதே" என்றாள் செம்பாயி.

"அதுதானம்மா கலை" என்ற மண்டூகனார் கழுத்தை உப்பிக்கொண்டு பாடத் தொடங்கினார்:

"மழையே, இவள் கண்ணைப் பார்,
மண்டை உச்சி வண்ணம் பார்,
வாலும் சுருண்டு கிடக்குது பார்,
வந்து நனைத்துப் போ மழையே!"

மயிலுக்கு வயிறு எரிந்தது. "எல்லாம் சரி, வால் தப்பு. இவ்வளவு சுருள் எந்தப் பச்சோந்திக்கும் கிடையாது."

அரளி பொறுத்துக்கொண்டாள்.

"கழுத்தும் தப்பு. தூக்கலாக இருக்கிறது."

அதையும் பொறுத்துக்கொண்டாள்.

"ஆமாம் ஆமாம்" என்றார் மண்டூகனார், பாடிய வாய் காய்வதற்குள். "பச்சோந்தி எப்படியிருக்கும் என்றே தெரியாமல் வரைந்திருக்கிறாள்."

"எனக்கா தெரியாது?" என்று அரளி துள்ளி எழுந்தாள். பாறையில் பர்ரென்று ஏதோ உரிந்தது. மண்டூகனார் மல்லாக்கக் குளத்தில் விழுந்தார்.

"மோசடி!" என்று கத்தியது மயில். "படம் எழுந்து பேசுகிறது!"

"நான் படம் என்று யார் சொன்னது? நான் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தேன். நீங்களாக வந்தீர்கள், நீங்களாகப் பாடினீர்கள், நீங்களாகவே குறையும் சொன்னீர்கள்." அரளி மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கியது. "விழித்த பிறகும் சும்மா கிடந்தேன். அது என் தப்பு. படம் வரவில்லை. பாறையை எடுத்துக்கொள்."

சாம்பல் நிறமாகி ஓரமாய் ஒதுங்கினாள். மயில் தோகையை விரித்து மிதப்பாகப் பாறையில் கால் வைத்தது.

"அட, நம் அரளி" என்றாள் செம்பாயி.

"என்ன அக்கா?"

"உன்னைக் கூப்பிடவில்லை. பாறையில் இருக்கிறாளே, அவளைச் சொன்னேன்."

எல்லாரும் பார்த்தார்கள். இறுகிய வண்ணம் அரளியின் வயிற்றோடு ஒட்டி உரிந்து வந்திருந்தது. அது இருந்த இடத்தில் வெள்ளைப் பாறை தெரிந்தது. கூச்சல் போடும் நிறங்களுக்கு நடுவே வெள்ளையாக ஓர் உருவம். சுருண்ட வால், கவட்டை விரல்கள், தூக்கிய கழுத்து.

"அரளிதான்" என்றது முயல். "அரளியேதான்" என்றன அணிலும் நாரையும். தண்ணீரிலிருந்து தலையை நீட்டிய மண்டூகனாரும் மழையை விட்டுவிட்டு, "அரளி" என்று ஒரே சொல்லில் முடித்தார்.

"இதில் நிறமே இல்லையே" என்றது மயில். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

"இவளை நிறத்தை வைத்து யார் அடையாளம் கண்டது?" என்றாள் செம்பாயி. "காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அந்தக் கழுத்தைப் பார். தூங்கும்போதுகூடச் சண்டைக்கு நிற்கிற மாதிரியே இருந்திருக்கிறாள்."

"இதை அவள் நாக்கால் வரையவில்லை!"

"வயிற்றால் வரைந்தேன்" என்றாள் அரளி. அவளுக்குப் பச்சை திரும்பிக்கொண்டிருந்தது. "எதால் வரைய வேண்டும் என்று பந்தயத்தில் பேச்சே இல்லை. நீ ஒருவன்தான் பாக்கி. பார்த்துச் சொல், அண்ணே. இது யார்?"

மயில் பாறையைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. மறுபடி பாறையைப் பார்த்தது. தோகையை மெல்ல மடக்கிக்கொண்டது.

"அரளி" என்றது, யாருக்கும் கேட்காத குரலில். எல்லாருக்கும் கேட்டது.

எத்தனை நிறம் மாறினாலும், தன் பிடிவாதத்தை மாற்றிக்கொள்ளாத ஒருவரை உலகம் அடையாளம் கண்டுகொள்ளும்.